நீள வரம்புக்குள் பெயரைப் பிரதி எடுத்தல்: மொரிசியஸ் கோவில் ஒன்றின் காவடிப் பதிவு நிரலில் கண்ட வழு

பின்னணி

மொரிசியஸின் பிளேன் வில்ஹெம்ஸ் மாவட்டத்தில் உள்ள ஒரு கோவிலின் நிர்வாகச் சங்கம், தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுப்பவர்களின் விவரங்களைச் சி மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு நிரலில் பதிந்துவந்தது. பெயர், தொலைபேசி எண், ஊர், காவடியின் வகை ஆகியவற்றை முன்மேசையில் இருக்கும் தொண்டர் தட்டச்சு செய்வார். நிரல் அவற்றை ஒரு கோப்பில் சேர்த்துவிட்டு, 80 மில்லிமீட்டர் தாளில் சீட்டு ஒன்றை அடித்துக் கொடுக்கும். விழா நெருங்கும்போது அதே கோப்பிலிருந்து காவடி வரிசைப் பட்டியல் அச்சாகி, கோவில் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். நிரல் ஓடியது நினைவகம் குறைந்த ஒரு சிறிய பலகைக் கணினியில். கோப்பிலுள்ள ஒவ்வொரு பதிவும் மாறாத அளவுடைய ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல புலங்களை அடுத்தடுத்து அடுக்கிய ஒரே தொகுப்பு. அதில் ரோமன் எழுத்துப் பெயருக்கு 32 பைட், தொலைபேசிக்கு 12 பைட், ஊருக்கு 24 பைட் என்று இடங்கள் அடுத்தடுத்து ஒதுக்கப்பட்டிருந்தன.

இத்தீவுத் தமிழர்களின் பெயர்கள் அரசு ஆவணங்களில் ரோமன் எழுத்தில்தான் இருக்கின்றன. பிரெஞ்சு ஆட்சியிலும் ஆங்கில ஆட்சியிலும் பதிவேடு எழுதியவர்கள் தங்கள் காதில் விழுந்தபடி கூட்டிய எழுத்துகளே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்தை நாள்தோறும் காணும் பிள்ளைகளில் பலர், தங்கள் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்ததில்லை. சீட்டிலும் பட்டியலிலும் பெயரைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று சங்கம் முடிவெடுத்ததற்கு இதுவே காரணம். கோவிலில் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு பெயருக்கும் சரியான தமிழ் வடிவத்தைத் தேடித் தர முன்வந்தார். இந்த முயற்சியின் மதிப்பை முதலிலேயே பதிவு செய்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் தொழில்நுட்ப முடிவுகளில் சில, ஒரு பெயர் ஒழுங்காக அச்சாக வேண்டும் என்ற அக்கறை இல்லாவிட்டால் தேவைக்கு மிஞ்சியவையாகத் தோன்றலாம்.

இதற்காக ஸ்ட்ரக்ட்டில் ரோமன் பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் இடையே தமிழ்ப் பெயர் என்று ஒரு புதிய புலம் சேர்க்கப்பட்டது. அதன் அளவாகப் பக்கத்துப் புலத்தின் 32 பைட்டே எடுத்துக்கொள்ளப்பட்டது. தட்டச்சு செய்த சரத்தை, அதாவது எழுத்துகளின் வரிசையை, அந்தப் புலத்துக்குள் பிரதி எடுத்து இடுவதற்கு, நீள வரம்பு கொடுக்க வழியுள்ள ஸ்டர்-என்-காப்பி என்ற ஃபங்ஷன் பயன்படுத்தப்பட்டது. வரம்பு எதையும் பார்க்காத ஸ்டர்-காப்பியை எழுதியவர் தவிர்த்தார். அந்த அளவில் அவருடைய எண்ணம் பாதுகாப்பையே நாடியது.

முதலில் கவனிக்கப்பட்டவை

கொடியேற்றத்துக்குச் சில வாரங்கள் முன்பு ஒட்டப்பட்ட முதல் பட்டியலில், சில பெயர்களுக்குப் பின்னால் ஒரு வெற்றுக் கட்டமும் அதைத் தொடர்ந்து 5இல் தொடங்கும் 8 இலக்கங்களும் இருந்தன. மொரிசியஸில் கைபேசி எண்களின் வடிவம் அதுவே என்பதால், அது யாருடைய எண் என்பதைப் பார்த்த குடும்பத்தாரே அடையாளம் கண்டுகொண்டனர். பெண் பிள்ளை ஒருத்தியின் பெயருக்குப் பக்கத்தில் குடும்பத்தின் கைபேசி எண் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டிருப்பதாக ஒரு தாய் செயலாளரிடம் முறையிட்டார்.

தட்டச்சு செய்தவர் எண்ணைத் தவறான இடத்தில் அடித்துவிட்டார் என்பதே முதல் ஊகம். அந்தப் பெயர்கள் அழிக்கப்பட்டு மறுபடியும் கவனமாகப் பதியப்பட்டன. எண்கள் மீண்டும் தோன்றின. அச்சுப்பொறியின் எழுத்துருவில் கோளாறு என்று அடுத்து எண்ணப்பட்டது. அந்த நிலையில்தான் நிரலைப் பார்வையிட என்னை அழைத்தார்கள்.

பட்டியலை நீளவாக்கில் ஒழுங்குபடுத்திப் பார்த்ததும் ஒரு கோலம் தெரிந்தது. வீரப்பன், கோவிந்தன் போன்ற பெயர்கள் தனியாக வந்த இடங்களில் எந்தக் குறையும் இல்லை. சுப்பிரமணியன், வைத்தியலிங்கம், முருகப்பிள்ளை போன்ற பெயர்கள் வந்த இடங்களில் எல்லாம் கட்டமும் எண்ணும் இருந்தன. மேலும், எண் ஒட்டிக்கொண்ட பெயர்கள் எவையும் முழுமையாகவும் இல்லை: சுப்பிரமணியன் என்பது ‘சுப்பிரமணி’ என்பதோடு நின்றிருந்தது.

காரணத்தைக் கண்டறிந்த விதம்

யூனிகோடு முறை எழுத்து, துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் தருகிறது. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் எழுத்துத் தொகுதியின் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். துணைக்குறி பெற்ற உயிர்மெய் எழுத்தில் மெய்க்கு ஒன்று, அதன் துணைக்குறிக்கு ஒன்று என இரண்டு குறியெண்கள் இருப்பதால், ‘சு’ என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட் செலவாகிறது. சுப்பிரமணியன் என்ற பெயரில் 13 குறியெண்கள், அதாவது 39 பைட். 32 பைட்டுக்குள் 10 குறியெண்கள் முழுமையாக அடங்கி 30 பைட் நிரம்பும். எஞ்சிய இரண்டு பைட்டில் அடுத்த எழுத்தான ‘ய’வின் முதல் இரண்டு பைட், அதாவது 224, 174 என்ற மதிப்புகள், அரைகுறையாகப் போய் உட்காரும். ரோமன் எழுத்துக்கு 32 இடம் தந்த அதே புலம் தமிழுக்குப் பத்துக் குறியெண்களையே தந்தது என்பது முதல் உண்மை.

இரண்டாவது உண்மை ஸ்டர்-என்-காப்பியின் இயல்பில் இருந்தது. சி மொழியில் ஒரு சரம் எங்கே முடிகிறது என்பதை அதன் இறுதியில் உள்ள பூஜ்ய பைட் ஒன்றுதான் சொல்லும். நீளம் வேறெங்கும் எழுதப்படுவதில்லை. மூலச் சரம் வரம்பைவிடக் குறுகியதாக இருந்தால், ஸ்டர்-என்-காப்பி எஞ்சிய இடம் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பும். மூலச் சரம் வரம்புக்குச் சமமாகவோ அதைவிட நீளமாகவோ இருந்தால், வரம்பு வரை பைட்டுகளை எழுதிவிட்டு, முடிவுப் பூஜ்யம் இடாமலேயே நின்றுவிடும். இதை ஓர் ஓட்டையாகக் கருதிப் பலர் கோபப்படுவதுண்டு. அதில் நான் உடன்படுவதில்லை. பழைய யூனிக்ஸில் ஒரு கோப்புறைப் பதிவு 16 பைட். அதில் 2 பைட் கோப்பைச் சுட்டும் ஐநோடு எண்ணுக்கும் 14 பைட் கோப்பின் பெயருக்கும் உரியவை. எழுத்துக்கு ஒரு கட்டம் என்று அச்சிட்ட விண்ணப்பப் படிவத்தில் பெயர் குறுகியதாக இருந்தால் மீதிக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும், கட்டங்கள் நிரம்பிவிட்டால் முடிவுக்குறி தேவைப்படாது. அப்படிப்பட்ட நிலையான புலங்களை நிரப்பவே இந்த ஃபங்ஷன் பொருந்துகிறது. அதன் பெயர் ஸ்டர்-காப்பியின் பாதுகாப்பான வடிவம் போலத் தோன்றுவதால், சரத்தைப் பிரதி எடுக்கும் வேலைக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் பின்னால் வந்த நிரலாளர்களே.

இங்கே பதிவு செய்யும் பகுதி தமிழ்ப் பெயரை ஒரு புலமாக நிரப்பியது. அச்சிடும் பகுதி அதே இடத்தை ஒரு சரமாகப் படித்தது. புலத்தின் 32 பைட்டும் நிரம்பி முடிவுப் பூஜ்யம் இல்லாதபோது, அச்சிடும் பகுதி நிற்காமல் அடுத்த புலத்துக்குள் நடந்து, தொலைபேசி எண்ணைத் தாண்டி, அதன் பின்னுள்ள பூஜ்யத்தைக் கண்ட பிறகே நின்றது. அரைகுறை எழுத்தின் 224, 174 என்ற பைட்டுகளுக்குப் பின் ‘5’ என்ற இலக்கம் வந்ததால், எழுத்து வரையும் நூலகம் அதைத் தவறான வரிசை என்று கண்டு வெற்றுக் கட்டம் ஒன்றை வரைந்தது. பட்டியலில் கண்ட ஒவ்வொரு குறிக்கும் இதில் விளக்கம் இருந்தது.

இந்த வழு சோதனையில் ஏன் பிடிபடவில்லை என்பதையும் ஆராய்ந்தோம். சோதனைக்குப் பயன்பட்ட தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குறுகியவை. அவற்றில் பூஜ்ய நிரப்பல் குறையை மறைத்துவிட்டது. நினைவக வழுக்களைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரை இயக்கியும் அது மௌனமாகவே இருந்தது. அக்கருவி ஒரு மாறியின் எல்லையைத் தாண்டிப் படிப்பதைக் கண்டுபிடிக்கும். ஒரே ஸ்ட்ரக்ட்டுக்குள் ஓர் உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்குள் நடப்பதை அது பிடிப்பதில்லை, ஏனென்றால் அந்த நினைவகம் முழுவதும் நிரலுக்குச் சொந்தமானதே. மாறாக, நிரலை இயந்திர மொழிக்குத் தொகுக்கும் ஜிசிசி கம்பைலர் 8ஆம் பதிப்பு முதல் இத்தகைய அழைப்புகளுக்கு, கொடுத்த வரம்பு இலக்கின், அதாவது பிரதி போய்ச் சேரும் இடத்தின், அளவுக்குச் சமமாக இருக்கிறது என்று எச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கைகளை இயக்கி நிரலைத் தொகுத்தபோது, சம்பந்தப்பட்ட வரி முதல் முயற்சியிலேயே திரையில் வந்தது. வழக்கமான தொகுப்பு முறையில் எச்சரிக்கைகள் அணைக்கப்பட்டிருந்தன.

உடனடி முடிவுகள்

முதல் முடிவு நிரலைப் பற்றியதல்ல. பலகையில் இருந்த பட்டியலை அகற்றும்படி செயலாளரிடம் கேட்டோம். சரியான பட்டியல் வரும்வரை கையால் எழுதிய பட்டியல் ஒட்டப்பட்டது. மொரிசியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தரவு கசிந்தது தெரிந்தால் தாமதிக்காமல், இயலுமானால் 72 மணி நேரத்துக்குள், ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. கோவில் சங்கம் போன்ற சிறிய அமைப்புக்கு அது தேவையா என்று செயற்குழுவில் சிலர் தயங்கினர். எண்கள் பொது இடத்தில் ஒட்டப்பட்டன என்பதில் ஐயமில்லாததால் அறிவித்துவிடுவதே முறை என்று சொன்னோம், சங்கம் அறிவித்தது. எண் வெளியான குடும்பங்களுக்குச் செயலாளரே தொலைபேசியில் பேசி நடந்ததைச் சொன்னார்.

நிரலில் உடனே செய்யக்கூடியது ஒன்றே: 31 பைட் வரை மட்டும் பிரதி எடுத்துவிட்டு 32ஆவது பைட்டில் பூஜ்யத்தை இடுவது. அது செய்யப்பட்டதும் தொலைபேசி எண்கள் மறைந்தன. ஆனால் 31 பைட்டில் 10 குறியெண்களும் அடுத்ததின் ஒரு பைட்டும் இருப்பதால், வெற்றுக் கட்டம் மறையவில்லை. எனவே முழுமையடையாத பைட்டுகளை இறுதியிலிருந்து நீக்கும் ஒரு திருத்தமும் சேர்க்கப்பட்டது. யூடிஎஃப்-8இல் தொடர் பைட்டுகளின் மதிப்பு எப்போதும் 128 முதல் 191 வரையே இருக்கும் என்பதால், பின்னோக்கி நடந்து எழுத்தின் தொடக்க பைட்டைக் கண்டு, அது முழுமையாக இல்லையென்றால் அங்கேயே வெட்டுவது எளிது.

இதன் பிறகு பட்டியல் பார்வைக்குத் தூய்மையாக இருந்தது. இந்த நிகழ்வு முழுவதிலும் மிகவும் ஆபத்தான கட்டம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. எண்ணும் கட்டமும் இருந்தவரை பார்த்தவர்களுக்கு ஏதோ தவறு என்று தெரிந்தது. இப்போது தவறு இருந்தும் அதன் தடயம் இல்லை.

ஆசிரியை கண்ட குறை

புதிய பட்டியலைச் சரிபார்த்த தமிழ் ஆசிரியை, ‘முருகப்பிள’ என்று அச்சாகியிருந்த வரியில் விரலை வைத்து, “தம்பி, இப்படி ஒரு பெயர் தமிழில் கிடையாது. நான் எழுதிக் கொடுத்தது முருகப்பிள்ளை” என்றார். பெயர் நீளமாக இருந்ததால் சுருங்கிவிட்டது என்று இளம் நிரலாளர் விளக்கினார். “சுருக்க வேண்டுமென்றால் எழுத்தோடு நிறுத்துங்கள், மெய்யின் புள்ளியைப் பிடுங்கினால் அது வேறு எழுத்தாகிவிடும்” என்பது ஆசிரியையின் பதில்.

அவர் சொன்னது துல்லியமான தொழில்நுட்பக் குறிப்பு. முருகப்பிள்ளை என்ற பெயரில் 10ஆவது குறியெண் ‘ள’. 11ஆவது அதன் புள்ளி. யூடிஎஃப்-8 விதிப்படி அவற்றுக்கிடையே வெட்டுவது முற்றிலும் செல்லும். எந்தச் சரிபார்ப்பு நிரலும் அதைத் தவறு என்று சொல்லாது. தமிழ் விதிப்படி அது எழுத்தை உடைப்பது. புள்ளியோ துணைக்குறியோ தனக்கு முன்னுள்ள மெய்யோடு சேர்ந்தே ஓர் எழுத்து. ஆகவே வெட்டும் இடத்தை அடுத்து வருவது 3006 முதல் 3021 வரையுள்ள குறியெண்களில் ஒன்றாக, அதாவது துணைக்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால், அதன் மெய்க்கும் முன்னால் சென்று வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் ‘முருகப்பி’ என்று வரும். அதுவும் பெயரல்ல, ஆனால் முற்றுப்பெறாத பெயர் என்பதைப் படிப்பவர் உணர முடியும். ‘கோ’ போன்ற எழுத்துகளில் வேறொரு சிக்கலும் தெரியவந்தது: ஒற்றைக் கொம்பின் நெட்டை வடிவமும் காலும் சேர்ந்த துணைக்குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியெண்ணாகவும், சில இரண்டு குறியெண்களாகவும் அனுப்புகின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ஒரே பெயர், பைட் கணக்கில் நீளம் மாறி நிற்கும். பெயரை உள்ளே எடுக்கும்போதே யூனிகோடின் ஒருங்கிணைந்த வடிவத்துக்கு மாற்றுவது என்று தீர்மானித்தோம்.

மறைந்திருந்த பதிவுகள்

வெட்டு வேறெங்கே பாதித்திருக்கும் என்று தேடியபோது இந்த நிகழ்வின் மிகக் கடுமையான விளைவு வெளிப்பட்டது. ஒரே நபரை இருமுறை பதிந்துவிடாமலிருக்க, தமிழ்ப் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒத்திருந்தால் பழைய பதிவின் மேல் புதியதை எழுதும் வழக்கம் நிரலில் இருந்தது. இங்கே படிவங்களில் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவதே வழக்கம்; பிள்ளைகளுக்குப் பெற்றோரின் எண்ணைத்தான் கொடுப்பார்கள். அண்ணனும் தங்கையும் பெயர் கொடுத்தால், நீண்ட குடும்பப் பெயர் 10 குறியெண்ணையும் நிரப்பிவிட, அவர்களைப் பிரித்துக் காட்டும் இட்ட பெயர் புலத்துக்குள் வரவே இல்லை. நிரலுக்கு இருவரும் ஒருவரே. இரண்டாவது பதிவு முதலாவதை அழித்தது.

கையெழுத்து ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளோடு கோப்பை ஒப்பிட்டபோது, காவடிக்குப் பெயர் கொடுத்து விரதத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிலரின் பதிவே இல்லை என்பது தெரிந்தது. விழா நாள் காலையில் வரிசையில் நிற்கும்போது இது தெரியவந்திருந்தால் அந்தக் குடும்பங்களுக்கு ஏற்பட்டிருக்கும் வேதனையை எண்ணிப் பார்க்க முடியாது. வெட்டப்பட்ட பைட்டுகள் எங்கும் சேமிக்கப்படாததால், எந்தத் திருத்தமும் அவற்றை மீட்டுத் தராது. அடிக்கட்டைகளைப் பார்த்து எல்லா நீண்ட பெயர்களையும் மறுபடி பதிவதைத் தவிர வழியில்லை. தொண்டர்கள் அதைச் செய்து முடித்தார்கள்.

எந்த ஃபங்ஷன் என்ற விவாதம்

நிலையான தீர்வுக்காக, எபேன் என்ற தொழில்நுட்ப நகரிலிருந்து வந்த இரு நிரலாளர்களோடு கலந்து பேசினோம். ஒருவர் ஸ்டர்-எல்-காப்பியைப் பரிந்துரைத்தார். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக டாட் மில்லரும் தியோ டி ராட்டும் உருவாக்கிய அந்த ஃபங்ஷன் 1998இல் அதன் 2.4ஆம் பதிப்பில் வெளிவந்தது. இலக்கின் அளவு பூஜ்யமாக இல்லாதவரை முடிவுப் பூஜ்யத்தை அது கட்டாயம் இடும். மூலச் சரத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். அந்த மதிப்பு இலக்கின் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் வெட்டு நேர்ந்தது என்று அறியலாம். குனு சி நூலகம் நெடுங்காலம் அதை ஏற்க மறுத்து, 2023இல் 2.38ஆம் பதிப்பில்தான் சேர்த்தது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2024ஆம் ஆண்டு வடிவத்திலும் அது இடம்பெற்றது. எங்கள் சாதனத்தில் இருந்த நூலகம் அதற்கு முற்பட்டது. அது பெரிய தடையல்ல, சில வரிகளில் நாமே எழுதிக்கொள்ளலாம்.

உண்மையான தடை வேறு. முழு நீளத்தைத் திருப்பித் தர வேண்டுமானால் மூலச் சரத்தை அதன் முடிவுப் பூஜ்யம் வரை படித்தாக வேண்டும். எங்கள் கோப்பில் ஏற்கெனவே முடிவுப் பூஜ்யம் இல்லாத 32 பைட் புலங்கள் இருந்தன. அவற்றை மூலமாகக் கொடுத்தால், இலக்கில் வரம்பு மீறாவிட்டாலும் மூலத்தில் வரம்பு மீறிப் படிக்கும்; தொலைபேசி எண் மறுபடியும் பெயரோடு ஒட்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிலும் இத்தகைய காரணத்துக்காகவே 2015இல் ஸ்டர்-எஸ்-காப்பி என்ற வேறொரு ஃபங்ஷன் வந்தது. வெட்டு நேர்ந்தால் அது பிழைக் குறியைத் திருப்பித் தரும். பழைய பயன்பாடுகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, 2024இல் வெளியான 6.8ஆம் பதிப்பில் ஸ்டர்-எல்-காப்பி கர்னலிலிருந்து நீக்கப்பட்டது.

மற்றவர் எஸ்-என்-பிரிண்ட்-எஃப் போதும் என்றார். அது எல்லா இடத்திலும் கிடைக்கும். தேவைப்பட்ட நீளத்தைத் திருப்பித் தரும். எப்படி அச்சிட வேண்டும் என்று சொல்லும் வடிவச் சரத்தில் துல்லிய அளவு, அதாவது அதிகபட்ச பைட் எண்ணிக்கை, கொடுத்தால் மூலத்தையும் அந்த அளவுக்கு மேல் படிக்காது. ஆனால் துல்லிய அளவைக் கொடுத்துவிட்டால் திருப்பித் தரும் நீளமும் அந்த அளவோடு நின்றுவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

விவாதம் நீண்டபோது ஒன்று தெளிவாயிற்று. மூன்று பேரும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த எல்லா ஃபங்ஷன்களும், இடம் போதாதபோது எப்படி நிறுத்துவது என்பதற்குத்தான் விடை சொல்கின்றன. இடம் போதாதபோது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவற்றில் எதிலும் விடை இருக்க முடியாது. பதிவு மேசையில் பெயரை வெட்டுவது ஒரு மனிதரை வேறொருவராக்கிவிடும்; சீட்டில் வெட்டினால் பார்வைக்குக் குறை, ஆனால் தரவு தப்பும்; ஒப்பீட்டில் வெட்டினால் பதிவே அழியும். ஒரே வரம்பு மூன்று இடங்களில் மூன்று பொருள் கொள்ளும்போது, அந்த முடிவை ஒரு பிரதி ஃபங்ஷனின் தலையில் சுமத்தியதே வழுவின் வேர் என்று நான் கருதுகிறேன்.

எடுத்த தீர்வு

பதிவின் வடிவம் மாற்றப்பட்டது. தமிழ்ப் பெயருக்கு 256 பைட் ஒதுக்கப்பட்டு, கோப்பின் தலைப்பில் வடிவ எண் ஒன்று சேர்க்கப்பட்டது. நீளத்தை முன்னால் எழுதி, மாறும் அளவில் சேமிக்கும் முறையும் பரிசீலிக்கப்பட்டது. அது தொழில்நுட்பத்தில் மேலானது. விழாவுக்கு முன் கோப்பைப் படிக்கும் எல்லாப் பகுதிகளையும் மாற்றிச் சோதிக்க நேரமில்லாததால் அது ஒதுக்கப்பட்டது.

பதிவு மேசையில் பெயர் எக்காரணம் கொண்டும் வெட்டப்படாது. 255 பைட்டுக்கு மேல் வந்தால் நிரல் ஏற்க மறுத்துத் தொண்டருக்குச் செய்தி காட்டும். பழைய கோப்பிலிருந்து படிக்கும் இடத்தில் ஸ்டர்-என்-லென் கொண்டு அதிகபட்சம் 32 பைட்டுக்குள் நீளத்தை அளந்து, அந்த அளவை மட்டும் மெம்-காப்பியால் எடுத்து, முடிவுப் பூஜ்யத்தை வெளிப்படையாக இடுகிறோம். புலத்துக்கும் சரத்துக்கும் தனித்தனி ஃபங்ஷன்கள் எழுதப்பட்டு, அவற்றின் பெயரிலேயே எது எதற்கு என்பது தெரியும்படி செய்யப்பட்டது. வெட்டு நேர்ந்ததா என்ற விடையை அழைத்தவர் பயன்படுத்தாவிட்டால் கம்பைலர் எச்சரிக்கும்படி குறிக்கப்பட்டது. எச்சரிக்கைகள் அனைத்தும் இயக்கப்பட்டு, அவை இருக்கும்வரை தொகுப்பு வெற்றி பெறாது என்று ஆக்கப்பட்டது.

சீட்டில் பைட் கணக்கே கைவிடப்பட்டது. அச்சுப்பொறியில் ஒரு வரிக்கு 576 புள்ளிகள். பெயரை வரைந்து அதன் அகலத்தை அளந்து, அடங்காவிட்டால் சொல்லின் எல்லையிலோ எழுத்தின் எல்லையிலோ அடுத்த வரிக்குக் கொண்டுசெல்கிறோம். ஒப்பீட்டுக்குப் பெயர் பயன்படுவதில்லை. ரசீது எண்ணே அடையாளம். இந்தக் கடைசி மாற்றம் ஒன்றே, மற்ற எல்லாம் தவறினாலும், பதிவு அழிவதைத் தடுத்திருக்கும்.

சோதனைக்கான பெயர்களை ஆசிரியை தொகுத்துத் தந்தார். 29 முதல் 34 பைட் வரையிலும் 253 முதல் 258 பைட் வரையிலும் ஒவ்வொரு நீளத்துக்கும் சோதனைச் சரங்கள் உண்டு. புள்ளியில் முடிபவை, துணைக்குறியில் முடிபவை, ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்தில் தொடங்குபவை ஆகியவையும் சேர்க்கப்பட்டன. ஸ்ட்ரக்ட்டுக்குள் நடக்கும் மீறலை அட்ரஸ் சானிட்டைசர் பிடிக்காது என்பதால், சோதனையின்போது மட்டும் ஒவ்வொரு புலமும் தனி நினைவகத் துண்டாக ஒதுக்கப்படுகிறது. அந்த நிலையில் பழைய நிரலை ஓட்டியபோது கருவி உடனே வழுவைக் காட்டியது.

தொடர்ந்து நடந்தவை

விழாவுக்கு முன் ஒட்டப்பட்ட இறுதிப் பட்டியலில் பெயர்கள் முழுமையாக இருந்தன. விடுபட்டிருந்த பிள்ளைகள் தத்தம் வரிசையில் இருந்தனர். பெயரை இரண்டு வரியில் அச்சிடுவதால் பட்டியல் நீண்டு, பலகையில் கூடுதல் இடம் தேவைப்பட்டது என்பதைத் தவிர வேறு குறை சொல்லப்படவில்லை. ஆணையருக்கு அனுப்பிய அறிக்கையோடு பலகைப் பட்டியலின் மாதிரியும் இணைக்கப்பட்டது.

மறுமுறை இதே வேலை வந்தால் மாற்ற வேண்டியவை சில உண்டு. பலகைக்கான பட்டியலை உருவாக்கும் பகுதிக்குத் தொலைபேசி எண் தேவையே இல்லை. அதற்கு முழு ஸ்ட்ரக்ட்டையும் கொடுத்திராவிட்டால், பெயர் எல்லை தாண்டியிருந்தாலும் கசிவதற்கு எண் அங்கே இருந்திருக்காது. பட்டியல் நிரலுக்குப் பெயரும் வரிசை எண்ணும் மட்டும் செல்லும்படி இப்போது பிரிக்கப்பட்டு வருகிறது. புதிய மொழியில் ஒரு புலம் சேர்க்கும்போது அதன் அளவை அந்த மொழியின் பைட் கணக்கில் நியாயப்படுத்தி ஒரு வரி எழுத வேண்டும் என்பதும் வேலைமுறையில் சேர்க்கப்பட்டுள்ளது. முதல் முறையீடு வந்தபோதே பட்டியலை அகற்றாமல் தட்டச்சுப் பிழையைத் தேடியதால் எண்கள் மேலும் சில நாள் பலகையில் இருந்தன. இனி முறையீடு வந்த உடனே பட்டியலை எடுத்துவிட்டுப் பிறகே காரணம் தேடுவது என்று சங்கம் தீர்மானம் எழுதியிருக்கிறது.

ஊர்ப் பெயருக்கான 24 பைட் புலம் இன்னும் பழைய அளவிலேயே உள்ளது. அதைத் தமிழில் அச்சிடும் கோரிக்கை இதுவரை வரவில்லை. வந்தால் காத்ர் போர்ன் என்ற ஊரின் பெயரே தமிழில் 12 குறியெண்களும் ஓர் இடைவெளியுமாக 37 பைட் எடுக்கும் என்பதால், அந்தக் கோரிக்கையை ஏற்கும் முன் பதிவின் வடிவ எண்ணை மீண்டும் உயர்த்த வேண்டியிருக்கும். அந்தக் குறிப்பு நிரலில், அந்தப் புலத்துக்கு நேர் மேலேயே எழுதப்பட்டுள்ளது.